நெல்லுக்குப் பின்னால் போகும் கணக்கு

உப்பு கரைத்த வாளித் தண்ணீரில் ஒரு கோழிமுட்டை மிதக்கிறது. அதன் முதுகு பழைய நாலணாக் காசு அகலத்துக்கு வெளியே தெரிந்தால் கரைசல் பதம். முட்டையை எடுத்துவிட்டு விதைநெல்லைக் கொட்டினால் பதரும் அரைப்பதரும் மேலே வந்துவிடும், கனத்த மணி அடியில் தங்கும். அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி எடுத்தால் விதை தயார். வேளாண் அலுவலர்கள் சொல்லித் தரும் முறை இது. அடர்த்தி என்ற சொல்லும் தேவையில்லை, அதை அளக்கும் கருவியும் தேவையில்லை.

நெல்லின் பயணம் இப்படி ஒரு உத்தேசத்தில் தொடங்குகிறது. விதையாகி, நாற்றாகி, கதிராகி, களம் ஏறி, மூட்டையாகி, அரிசியாகி உலையில் விழும்வரை ஒவ்வொரு கட்டத்திலும் யாராவது ஒருவர் கணக்குப் போட்டாக வேண்டியிருக்கிறது. அதில் பாதிக்கு மேல் மனக்கணக்கு. உத்தேசம் என்றால் வாய்க்கு வந்ததைச் சொல்வது என்று பலர் நினைக்கிறார்கள். எவ்வளவு தப்பினால் பரவாயில்லை, எவ்வளவு தப்பினால் குடி கெடும் என்று தெரிந்து சொல்வதற்குத்தான் அந்தப் பெயர் தகும். காவிரிப் பாசனத்தில் ஒரு ஏக்கர் நிலத்தை எடுத்துக்கொண்டு அந்த நெல்லோடு நடந்து பார்க்கலாம்.

நாற்றங்கால்

ஒரு ஏக்கருக்கு எத்தனை கிலோ விதை? யாரையும் கேட்காமலே விடை காணலாம். வரிசைக்கு வரிசை 20 சென்டிமீட்டர், குத்துக்குக் குத்து 10 சென்டிமீட்டர் இடைவெளியில் நடவு என்று வைப்போம். ஒரு சதுர மீட்டரில் 5 வரிசை, வரிசைக்கு 10 குத்து, ஆக 50 குத்து. ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். 4,000 என்று வைத்துக்கொண்டால் பிசகுவது ஒரு சதவீதம்தான், மனக்கணக்கோ பாதியாகக் குறையும். ஏக்கருக்கு 2 லட்சம் குத்து. குத்துக்கு 3 நாற்று என்றால் 6 லட்சம் நாற்று.

நாற்றைக் கிலோவாக மாற்ற ஒரே ஒரு எண் போதும். ஆயிரம் நெல்மணியின் எடை சன்ன ரகத்தில் 15 கிராம் அளவிலும் மோட்டா ரகத்தில் 25 கிராம் அளவிலும் இருக்கும். நடுவே 20 கிராம் என்று கொண்டால் கிலோவுக்கு 50,000 மணி. 6 லட்சத்துக்கு 12 கிலோ. ஆனால் விதைத்ததெல்லாம் முளைக்காது. நூற்றுக்கு 80 முளைக்கும் என்றால் 12-ஐ 0.8-ஆல் வகுக்க வேண்டும். 15 கிலோ வரும். இந்த இடத்தில் 12-உடன் அதன் 20 சதவீதத்தைக் கூட்டி 14.4 என்று நிறுத்திவிடுபவர்கள் அதிகம். 14.4 கிலோவில் 80 சதவீதம் பதினொன்றரைதான் தேறும், நடவின் கடைசியில் ஒரு மூலைக்கு நாற்று பற்றாது.

மத்திய கால ரகத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை ஹெக்டேருக்கு 40 கிலோ. ஏக்கருக்கு 16. நம் விரல்விட்டுப் போட்ட கணக்கு அதிலிருந்து ஒரு கிலோ தள்ளி நிற்கிறது.

திருந்திய நெல் சாகுபடியில் 25 சென்டிமீட்டர் சதுரத்துக்கு ஒற்றை நாற்று. சதுர மீட்டருக்கு 16 குத்து, ஏக்கருக்கு 64,000. அதே வழியில் போனால் 1.6 கிலோ விதை போதும். பரிந்துரையோ ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 3 கிலோ. ஏன் இரட்டிப்பு? பத்தில் ஒரு நாற்று பட்டுப்போகும் என்று வைப்போம். ஒற்றை நாற்று வயலில் பத்தில் ஒரு குத்து காலியாகும், அதை நிரப்ப மாற்று நாற்று கையிருப்பில் வேண்டும். மூன்று நாற்று நட்ட குத்தில் மூன்றும் சேர்ந்து போவதற்கான வாய்ப்பு பத்தில் ஒன்றை மூன்று முறை பெருக்கியது, ஆயிரத்தில் ஒன்று. ஒவ்வொரு நாற்றும் தனித்தனியே சாகும்போது மட்டும்தான் இந்தப் பெருக்கல் செல்லும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வயல்நண்டு வெட்டினால் மூன்றும் ஒன்றாகத்தான் போகும். அதற்கு ஆயிரத்தில் ஒன்று என்ற கணக்கெல்லாம் கிடையாது.

வயல்

கதிர் சாய்ந்து மஞ்சளாகும்போது அடுத்த கேள்வி வரும். மாவுக்கு எத்தனை மூட்டை காணும்? தஞ்சைப் பக்கம் இன்னும் மாவில்தான் பேசுவார்கள். இருபது மா ஒரு வேலி. ஒரு மா ஏறத்தாழ 33 சென்ட், மூன்று மா சேர்ந்தால் ஏக்கர்.

வரப்பில் நின்று மூட்டையைச் சொல்பவர் மனத்தில் ஓடுவது ஒரு பெருக்கல் சங்கிலி. சதுர மீட்டருக்கு 50 குத்து, குத்துக்கு 7 கதிர், கதிருக்குப் பால் பிடித்து முற்றிய மணி 70. பெருக்கினால் 24,500 மணி. ஆயிரத்துக்கு 20 கிராம் வீதம் 490 கிராம். சதுர மீட்டருக்கு அரைக் கிலோ, ஏக்கருக்கு 2,000 கிலோ. 60 கிலோ மூட்டையில் 33, மாவுக்கு 11.

சரிபார்க்க எதிர்த்திசையிலிருந்து வரலாம். குத்துக்கு மூன்று நாற்று, 490 மணி. நாற்றுக்கு 163. முளைக்காமல் போனதையும் சேர்த்தால் விதைக்கு 131. 15 கிலோ விதை 131 மடங்கானால் 1,965 கிலோ. அதே இடத்துக்குத்தான் வந்தோம். பெருக்கலில் பிசகில்லை என்பதற்கு இது சாட்சி, கதிரைச் சரியாக எண்ணினோமா என்பதற்கு அல்ல. இரண்டு வழியிலும் போட்டது அதே 7, அதே 70.

பெருக்கல் சங்கிலியின் ஆபத்து அங்கேதான். குத்து, கதிர், மணி, எடை ஆகிய நான்கையும் பத்துப் பத்து சதவீதம் கூட்டிச் சொல்லிவிட்டால் விடை 40 அல்ல, 46 சதவீதம் வீங்கும். ஆள் நிற்பதோ வரப்போரம். ஓரத்துக் குத்துக்கு வெயிலும் காற்றும் கூடுதல், தூரும் கூடுதல். கண்ணில் படுவதை எண்ணினாலே கணக்கு மிகையாகிவிடும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் வீடுகளில் புழங்கும் மாதிரிக் கணக்கு. கொதிக்கும் பானையில் அது பொய்க்காது; தண்ணீர் புரட்டிப் புரட்டிப் போட்டு எல்லாப் பருக்கையையும் ஒரே நிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. வயலை யார் புரட்டுவது? மடையோரம் ஒரு மாதிரி, மேட்டில் ஒரு மாதிரி, உவர் தட்டிய மூலையில் ஒரு மாதிரி விளைந்திருக்கும். அதனால் அரசு நடத்தும் பயிர் அறுவடைப் பரிசோதனையில் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையை மனிதன் கையில் விடுவதில்லை. சமவாய்ப்பு எண்களைக் கொண்டு புல எண்ணைத் தேர்ந்து, வயலின் தென்மேற்கு மூலையிலிருந்து நீளவாக்கில் இத்தனை அடி, அகலவாக்கில் இத்தனை அடி என்று காலடி வைத்துப் போய் முளை அடிக்கிறார்கள். அங்கிருந்து 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம். அதற்குள் விளைந்ததை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி எடை போடுவார்கள்.

25 சதுர மீட்டருக்கு 12.5 கிலோ என்றால் ஏக்கருக்கு எவ்வளவு? தெரிந்த மூன்றைக் கொண்டு தெரியாத நாலாவதைக் காணும் இந்த முறையை ஆரியபட்டர் 499-இல் எழுதிவைத்தார். திரைராசிகம் என்று பெயர். 4,047-ஐ 25-ஆல் வகுத்தால் 162 மடங்கு, 2,025 கிலோ. தராசில் 100 கிராம் தவறினால் ஏக்கரில் 16 கிலோ தவறும்.

சதுரம் ஏன் 5 மீட்டர்? 1940-களில் இதன்மேல் பெரிய வாதமே நடந்தது. வங்காளத்தில் புள்ளியியலாளர் மகாலனோபிஸ் சின்னஞ்சிறு வட்டங்களை அறுத்துக் கணக்கிட்டார். பெரிய துண்டுதான் வேண்டும் என்றார் இன்னொரு புள்ளியியலாளரான சுகாத்மே. நாமே சோதித்துப் பார்க்கலாம். கயிற்றை நாலு பக்கமும் 5 சென்டிமீட்டர் வெளியே தள்ளிக் கட்டிவிட்டதாக வைப்போம். 5 மீட்டர் சதுரம் 5.1 மீட்டராகிப் பரப்பு 4 சதவீதம் கூடும். அதே தவறு 1 மீட்டர் சதுரத்தில் 21 சதவீதம். துண்டு சின்னதானால் பரப்பை விட விளிம்பு பெரிதாகிவிடுகிறது. விளிம்பில் நிற்கும் குத்தை உள்ளே இழுக்கலாமா, வெளியே விடலாமா என்ற தடுமாற்றமும் விளிம்போடு சேர்ந்து பெருகும்.

இது புள்ளியியல்காரர்களின் தனிக் கவலை என்று தள்ளிவிட முடியாது. 2016-இல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தச் சதுரங்கள் அந்தப் பகுதி விளைச்சலைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. முந்தைய ஆண்டுகளின் சராசரியைக் கொண்டு வகுக்கும் எல்லை விளைச்சலில் எத்தனை பங்கு குறைந்ததோ அத்தனை பங்கு காப்பீட்டுத் தொகை இழப்பீடாகும். எல்லை விளைச்சல் 2,000 கிலோ, உண்மையில் விளைந்தது 1,500 என்றால் கால் பங்கு நட்டம். தொகை 36,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 9,000 கிடைக்க வேண்டும். கயிறு 4 சதவீதம் அகன்று 1,500 என்பது 1,560 ஆனால் கிடைப்பது 7,920. அளவில் 4 சதவீதப் பிசகு இழப்பீட்டில் 12 சதவீதப் பிசகாகிவிட்டது. கழித்து வரும் மிச்சத்தில் விகிதம் பார்க்கும்போது சிறு பிழை இப்படித்தான் பூதாகாரமாகும்.

களம்

அறுவடை இயந்திரம் கொட்டிய நெல் களத்தில் அம்பாரமாகக் குவிந்திருக்கிறது. மூட்டை பிடிக்கும் முன்பே அது எத்தனை என்று சொல்ல ஒரு வழி உண்டு. இரண்டாம் பாஸ்கரர் 1150-இல் எழுதிய கணித நூலான லீலாவதியில் தானியக் குவியலுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. குவியலின் சுற்றளவை ஆறால் வகுத்து, அதைத் தன்னாலேயே பெருக்கி, உயரத்தால் பெருக்கினால் கன அளவு. உயரத்தைத் தனியே அளக்கவும் வேண்டாம். நெல்லைப் போன்ற சுனையுள்ள தானியத்தில் அது சுற்றளவில் ஒன்பதில் ஒரு பங்கு, பருமணித் தானியத்தில் பத்தில் ஒன்று, பொடி தானியத்தில் பதினொன்றில் ஒன்று.

இன்றைய வடிவியலோடு ஒட்டிப் பார்த்தால் வியப்புதான். கூம்பின் கன அளவுக்குச் சுற்றளவின் வர்க்கத்தை 37.7-ஆல் வகுத்து உயரத்தால் பெருக்க வேண்டும். பாஸ்கரர் 36-ஆல் வகுக்கிறார், பை மதிப்பை 3 என்று கொண்டதால் வந்த வேறுபாடு. ஒன்பதில் ஒன்று என்ற உயரமோ குவியலின் சரிவை 35 பாகையாக்குகிறது. நெல் தானாகச் சரிந்து நிற்பதும் அந்தக் கோணத்தை ஒட்டித்தான். சுனை தடுப்பதால் நெல் உயரமாக நிற்கும், வழுக்கும் தானியம் தட்டையாகப் பரவும் என்பதைக் களத்தில் பார்த்துத்தான் இந்த மூன்று பின்னங்களும் வந்திருக்க வேண்டும்.

ஒரே ஒரு கயிற்றால் சுற்றிப் பார்க்கலாம். சுற்றளவு 10 மீட்டர் என்றால் உயரம் 1.1 மீட்டர், கன அளவு 3.1 கன மீட்டர். ஒரு கன மீட்டர் நெல் 575 கிலோ அளவுக்கு நிற்கும். ஆக 1,780 கிலோ. நம் ஏக்கரின் 2,000 கிலோவுக்குச் சுற்றளவு பத்தரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். அரை மீட்டருக்கும் குறைவாகக் கூடியதற்கு எடை 220 கிலோ கூடிவிட்டது. சுற்றளவு மூன்று முறை பெருக்கப்படுவதால் வரும் விளைவு அது. கயிற்றை இழுத்துப் பிடிப்பவர் நேர்மையானவராக இருப்பது நல்லது.

கொள்முதல் நிலையம்

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம். 2,000 கிலோவுக்கு 50 சிப்பம் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டு டிராக்டர் வந்து நிற்கிறது. ஈரப்பதமானி 20 சதவீதம் காட்டுகிறது. 17-க்கு மேல் வாங்க மாட்டார்கள். மழைக்காலங்களில் மத்திய அரசு தளர்த்தினால்தான் 19, 20 என்று ஏறும். தளர்வு இல்லாவிட்டால் சாலையோரத்தில் கொட்டிக் காயவைக்க வேண்டியதுதான்.

காய்ந்தால் எவ்வளவு குறையும்? 20-இலிருந்து 17-க்கு 3 சதவீதம், 2,000-இல் 60 கிலோ என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். ஆனால் 20 சதவீதம் என்பது ஈர நெல்லில் பங்கு, 17 சதவீதம் என்பது காய்ந்த நெல்லில் பங்கு. முழுத் தொகையே மாறிவிட்ட இரண்டு சதவீதங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கக் கூடாது. மாறாத ஒன்றைப் பிடிக்க வேண்டும். வெயிலில் போவது தண்ணீர் மட்டும், உலர்பொருள் அப்படியே இருக்கும். 2,000 கிலோவில் உலர்பொருள் 1,600. காய்ந்தபின் அதுவே 83 சதவீதம். 1,600-ஐ 0.83-ஆல் வகுத்தால் 1,928 கிலோ. குறைந்தது 72 கிலோ, அதாவது ஒரு சிப்பமும் முக்காலும். 50 சிப்பத்துக்குச் சணல்சாக்கு கேட்டவர் 48-ஐக் கட்டிவிட்டு 8 கிலோ மிச்சத்தோடு நிற்பார்.

ஆலை

இதுவரை நெல் கூடியது, குறைந்தது, ஆனால் நெல்லாகவே இருந்தது. ஆலையில் அது அரிசியும் உமியும் தவிடுமாகப் பிரிகிறது. அரசு அரவைக்குக் கொடுக்கும் நெல்லில் புழுங்கல் அரிசி 68 சதவீதம், பச்சரிசி 67 சதவீதம் திரும்ப வர வேண்டும் என்பது விதி. நம் 1,928 கிலோ நெல் 1,311 கிலோ புழுங்கல் அரிசியாகிறது.

எடையில் மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் பாட்டிமார் இரண்டு படி நெல் குத்தினால் ஒரு படி அரிசி என்பார்கள். யார் சொல்வது சரி? இரண்டும் சரி. நெல் கன மீட்டருக்கு 575 கிலோ என்றால் அரிசி 800 கிலோ அளவில் நெருங்கிக் கிடக்கும். 575 கிலோ நெல் 391 கிலோ அரிசியாகும். அந்த அரிசி பிடிக்கும் இடம் அரைக் கன மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரே நெல் தராசில் ஒரு விகிதமும் படியில் வேறு விகிதமும் காட்டுகிறது. எந்த அளவையில் பேசுகிறோம் என்று சொல்லாத விகிதம் சண்டையில்தான் முடியும்.

சோழர் காலத்தில் நெல்லும் அரிசியும் முகத்தலளவையில்தான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஆடவல்லான் என்ற பெயருடைய மரக்காலால் நெல் அளந்ததாக வருகிறது. எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். கோயில் நிவந்தக் கணக்குகளில் ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்ற விகிதம் கையாளப்பட்டிருக்கிறது.

இன்னொரு பக்கம், பழைய தமிழ்க் கணக்கு மரபில் ஒரு வாய்பாடு உண்டு. ஒரு படிக்கு அவரை 1,800, மிளகு 12,800, நெல் 14,400, பயறு 14,800, அரிசி 38,000, எள் 1,15,000. யாரோ உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள், அல்லது ஆழாக்கை எண்ணி எட்டால் பெருக்கியிருக்கிறார்கள். இந்த வாய்பாட்டையும் கல்வெட்டு விகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒரு நெல்லுக்குள் ஒரு அரிசிதான். ஒரு படி அரிசிக்கு 38,000 நெல் வேண்டும். படிக்கு 14,400 வீதம் அது 2.64 படி நெல். கல்வெட்டின்படி ஒரு படி அரிசிக்கு இரண்டரைப் படி. மணியை எண்ணிப் போட்ட கணக்கும் கோயில் பண்டாரத்தில் அளந்து கொடுத்த கணக்கும் ஆறு சதவீதத்துக்குள் ஒத்துப்போகின்றன. வயலில் நாம் செய்த சரிபார்ப்பு ஒரே எண்களைத் திருப்பிப் போட்டது. இங்கே இரண்டு பேர், இரண்டு வேலைக்காக, இரண்டு வழியில் வந்து ஏறத்தாழ ஒரே இடத்தைத் தொட்டிருக்கிறார்கள். உத்தேசத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

உலை

அரிசி வீட்டுக்கு வந்துவிட்டது. ஒருவருக்கு ஒரு வேளைக்கு 150 கிராம் என்று வைத்தால் நாலு பேருக்கு 600 கிராம். எட்டுப் பேருக்கு இரட்டிப்பு அரிசி, அதில் மறுபேச்சில்லை. தண்ணீரையும் இரட்டிப்பாக்கினால் சோறு குழைந்துவிடுகிறது. விகிதம் என்ன பாவம் செய்தது? பாத்திரத்துத் தண்ணீர் இரண்டு வேலை செய்கிறது. அரிசி குடிக்கும் தண்ணீர் அரிசியின் அளவைப் பொறுத்தது. ஆவியாகும் தண்ணீர் பாத்திரத்தின் வாயகலத்தையும் அடுப்பில் நிற்கும் நேரத்தையும் பொறுத்தது, அரிசி கூடினாலும் அது அவ்வளவாகக் கூடாது. முதல் பங்கை இரட்டிப்பாக்கி இரண்டாவதை அப்படியே விட வேண்டும். கல்யாணச் சமையல்காரர்கள் நூறு பேருக்குப் போட்ட அளவை ஆயிரம் பேருக்குக் கண்ணை மூடிப் பத்தால் பெருக்குவதில்லை. வடித்துப் பொங்குகிறவர்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. தண்ணீரைத் தாராளமாக விட்டு, மிஞ்சியதைக் கஞ்சியாக வடித்து, கணக்குப் போடும் வேலையைப் பானையிடமே விட்டுவிடுகிறார்கள்.

இலையில் விழுந்த 150 கிராம் அரிசியைக் கொண்டு வயலுக்குத் திரும்பிப் போகலாம். 20 மில்லிகிராம் நெல்லில் 68 சதவீதம் அரிசி, 13.6 மில்லிகிராம். 150 கிராமில் ஏறத்தாழ 11,000 அரிசி. குத்துக்கு 490 மணி வீதம் 22, 23 குத்து. ஒரு ஆளின் ஒரு வேளைச் சோற்றுக்கு அரைச் சதுர மீட்டர் வயல் கிட்டத்தட்டச் சரியாகப் போகிறது.

குடும்பத்துக்குப் போட்டுப் பார்ப்போம். அந்தியோதயா ரேஷன் அட்டைக்கு மாதம் 35 கிலோ அரிசி, வருடத்துக்கு 420 கிலோ. நம் ஏக்கர் 1,311 கிலோ தந்தது, சென்டுக்கு 13.1. 420 கிலோவுக்கு 32 சென்ட். ஒரு மா 33 சென்ட். ஒரு போகம் விளையும் ஒரு மா நிலம் ஒரு குடும்பத்தை ஒரு வருடம் காப்பாற்றும் என்று சொல்லத் தோன்றுகிறது, ஒரு சென்ட் மிச்சமும் இருக்கிறது.

அந்த ஒரு சென்டை நம்பி யாரும் கடன் வாங்கக் கூடாது. கதிர், மணி, எடை என்று வழிநெடுக உத்தேசம் செய்துதான் இங்கே வந்தோம். மொத்தத்தில் பத்து சதவீதம் இப்படியோ அப்படியோ தவறியிருந்தால் விடை 29 சென்டாகவும் இருக்கலாம், 36 சென்டாகவும் இருக்கலாம். 32-க்கும் 33-க்கும் உள்ள இடைவெளியைவிட நம் பிழை பல மடங்கு பெரிது. இந்தக் கணக்கு உறுதியாகச் சொல்வது ஒன்றுதான்: ஒரு மா வைத்திருப்பவர் வீட்டில் நல்ல வருடத்தில் சோற்றுக்குப் பஞ்சமில்லை, கதிர் சாயும் நேரத்தில் ஒரு மழை பிடித்தால் ரேஷன் அட்டை இல்லாமல் முடியாது.